நாற்பத்து மூன்று வயதில் நீச்சல் கற்றால் வாழ்க்கைப் பாடம் கிடைக்குமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 43. ஆறு மாதமாக நீச்சல் பழகுகிறீர்கள். ஃப்ரீஸ்டைலில் 25 மீட்டர் குளத்தை இன்னும் நிற்காமல் கடக்க முடியவில்லை. பாதித் தூரத்தில் மூச்சு முட்டி லேன் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறீர்கள். பக்கத்து லேனில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் சளைக்காமல் போய் வருகிறார்கள். பெரியவர்களான பிறகு கடினமான ஒரு விளையாட்டைக் கற்றுக்கொண்டால் அது வாழ்க்கைக்கே பாடமாகும் என்று பலரும் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கிடைத்ததோ அவமானம் மட்டும். அந்தப் பாடங்கள் நிஜமா, இல்லை பேச்சுக்குச் சொல்வதா என்று கேட்கிறீர்கள். இதில் எனக்கு இரண்டு கேள்விகள் கேட்கின்றன. விளையாட்டில் கற்றது வாழ்க்கைக்கு வருமா என்பது ஒன்று. இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிக்கு வரி தெரிகிறது: இதை நான் விட்டுவிடலாமா?

பதினெட்டு ஆண்டுகளாக நீச்சல் சொல்லித்தருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முப்பதைத் தாண்டியவர்கள். அறுபதைத் தாண்டியவர்களும் உண்டு. பயிற்சியாளர் படிப்பின்போது உடல் எப்படி ஒரு அசைவைக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றிய ஆய்வுகள் அறிமுகமாயின. அன்றிலிருந்து அவற்றைத் தேடிப் படிக்கும் பழக்கம் இருக்கிறது. அதே சமயம், என் அனுபவத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் தொடர்ந்து வந்தவர்கள் மட்டுமே. மூன்றாவது வாரத்தில் நின்றுபோனவர்களுக்குத் தண்ணீர் என்ன கொடுத்தது, எதைப் பறித்தது என்று என்னிடம் யாரும் வந்து சொன்னதில்லை. 'விளையாட்டு என் வாழ்க்கையை மாற்றியது' என்று எழுதுபவர்களும் தொடர்ந்தவர்கள்தான். அதனால் இந்த விஷயத்தில் எங்கள் எல்லோருடைய பேச்சையும், என்னுடையதையும் சேர்த்து, கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். உங்களுக்கு மூச்சு முட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் வயதோ உடல் வலுவோ அல்ல. மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பை நமக்குள் எழுப்புவது முதன்மையாக ஆக்சிஜன் குறைவது அல்ல, கார்பன் டை ஆக்சைடு சேர்வது. புதிதாகக் கற்பவர்கள் முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். தலையைத் திருப்பும் அந்தச் சின்ன இடைவெளியில் உள்ளே இருப்பதை வெளியே விட்டு, புதுக் காற்றையும் இழுக்கப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நேரம் போதாது. பழைய காற்று முழுதாக வெளியேறாமலே மேலே கொஞ்சம் புதுக் காற்று ஏறுகிறது. நான்கைந்து தடவை இப்படி நடந்தால் நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டே 'காற்று இல்லை' என்று உடல் அலறும். ரத்தத்தில் ஆக்சிஜன் அப்போதும் போதுமான அளவு இருக்கும். எனவே பயில வேண்டியது காற்றை விடுவது. முகம் தண்ணீருக்குள் போன கணத்திலிருந்து மூக்காலும் வாயாலும் மெல்லக் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், தலை திரும்பும்போது உள்ளே இழுப்பது தானாக நடக்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்வேன். சிலர் மூச்சுப் பயிற்சி என்று கரையில் நின்று வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் முங்கி நெடுநேரம் இருக்கப் பார்ப்பார்கள். அது ஆபத்து. வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. தவிப்பு என்ற மணி அடிப்பதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தண்ணீருக்கு அடியிலேயே நினைவு தப்பலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள். தனியாக இறங்காதீர்கள். இதய நோயோ வலிப்போ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

அடுத்து, தண்ணீரின் குணம். அது காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதில் நகரும்போது எதிர்ப்பு விசை, வேகத்தின் இருமடியை ஒட்டிக் கூடுகிறது. தேவைப்படும் ஆற்றல் மும்மடியை ஒட்டிக் கூடுகிறது. இரண்டு மடங்கு வேகமாகப் போக வேண்டுமானால் எட்டு மடங்கு உழைக்க வேண்டும். இதோடு உடலின் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். நுரையீரல் இருக்கும் நெஞ்சுப் பகுதி மிதக்கும். எடையின் மையம் அதற்குக் கீழே, இடுப்பை ஒட்டி இருக்கிறது. ஆகவே குப்புற மிதக்கும்போது கால் தாழ்வது இயல்பு. பயத்தில் தலையைத் தூக்கினால் இன்னும் தாழும். தாழ்ந்த காலை இழுத்துக்கொண்டு போக இன்னும் வேகமாகக் கையை வீச வேண்டும். வீசினால் மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் தலை தூக்கும். நீங்கள் பாதிக் குளத்தில் நிற்பது இந்தச் சுழலில்தான் என்று நினைக்கிறேன். பார்க்காமல் சொல்கிறேன், ஆனால் பத்தில் எட்டுப் பேரிடம் நான் பார்த்தது இதுவே.

இங்கேதான் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தெரிகிறது. அது மூளையின் வயதைப் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். வளர்ந்த மூளையும் மாறும். 2004-ல் வெளியான ஒரு ஆய்வில், மூன்று மாதம் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கப் பழகிய பெரியவர்களின் மூளையில் சில பகுதிகள் சற்றுத் தடித்திருந்ததைப் படம் எடுத்துக் காட்டினார்கள். பழகுவதை நிறுத்தியதும் அந்த மாற்றம் குறைந்தது. அது இங்கே முக்கியமில்லை. முக்கியமானது, இதுவரை உங்களைக் கரை சேர்த்த கருவி எது என்பது. என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் தொழிலில் உழைத்து முன்னேறியவர்கள். ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முயல்வார்கள். இன்னும் நடக்கவில்லை என்றால் இன்னும் அதிகமாக முயல்வார்கள். படிப்பில், வேலையில், குடும்பத்தில் அந்த வழி அவர்களைக் கைவிட்டதில்லை. அதே வழியைத் தண்ணீரிலும் கொண்டுவருகிறார்கள். பல்லைக் கடித்து, கழுத்தை விறைத்து, தண்ணீரை அடிக்கிறார்கள். எவ்வளவு முயல்கிறார்களோ அவ்வளவு மூழ்குகிறார்கள். வாழ்நாளில் முதன்முறையாக, முயற்சியே தடையாகிப் போகும் ஓர் இடத்துக்கு வந்து நிற்கிறார்கள். அந்தத் திகைப்பை முகத்தில் பார்ப்பேன். அது களைப்போ பயமோ இல்லை. 'நான் செய்ய வேண்டியதைத்தானே செய்கிறேன், பிறகு ஏன்?' என்ற கேள்வி அது.

பிள்ளைகளுக்கு இந்தத் திகைப்பு இல்லை. அவர்களிடம் நம்பி ஊன்றிக்கொள்ள இன்னும் எந்த வழியும் இல்லை. தண்ணீரில் விளையாடுகிறார்கள், முங்குகிறார்கள், மூக்கில் தண்ணீர் ஏறித் தும்முகிறார்கள், மறுபடி முங்குகிறார்கள். உங்களுக்கு வாரம் மூன்று மணி நேரம் கிடைக்கிறது என்றால், அதில் பாதிக்கு மேல் உங்களை நீங்களே கண்காணிப்பதில் போகிறது. கை சரியாகப் போகிறதா, யாராவது பார்க்கிறார்களா, இன்றும் முடியாதா என்று. ஏழு வயதுப் பிள்ளையோடு உங்களை ஒப்பிடும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தளர்வாக இருக்கக் கற்றுக்கொண்டால், மூச்சை விடக் கற்றுக்கொண்டால், அது அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் தானாகக் கூட வருமா? என் பதில்: தானாக வராது. இது நான் மட்டும் சொல்வதில்லை. 1901-ல் தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதையே ஆராய்ந்தார்கள். ஒரு பாடத்தைப் படித்தால் மனம் முழுவதுமே கூர்மையாகும் என்று அன்றைய கல்வியாளர்கள் நம்பினார்கள். இவர்கள் ஒரு வகை உருவங்களின் பரப்பைக் கணிக்க ஆட்களைப் பழக்கிவிட்டு, வேறு அளவு, வேறு வடிவ உருவங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பழகிய திறமை எதிர்பார்த்த அளவு புது உருவங்களுக்கு வரவில்லை. இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் என்று முடிவுக்கு வந்தார்கள். நூற்றிருபது ஆண்டுகளில் அந்த முடிவின் விளிம்புகளை நிறையப் பேர் திருத்தியிருக்கிறார்கள். மையம் அசையவில்லை. குளத்துக்கும் அலுவலகக் கூட்டத்துக்கும் பொதுவான கூறுகள் எத்தனை? கைவிரலில் எண்ணிவிடலாம்.

இதை என் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தேன். நாற்பத்தொரு வயதில் செயற்கைச் சுவர் ஏறும் விளையாட்டைக் கற்கப் போனேன். கற்பவரின் மனநிலை எனக்கு மறந்துபோகிறது என்ற கவலையில்தான் போனேன். அதற்கு முன் ஆயிரக்கணக்கான தடவை 'இறுக்காதீர்கள், தளர விடுங்கள்' என்று மற்றவர்களுக்குச் சொன்னவன் நான். சுவரில் நான்கு மீட்டர் ஏறியதும் பிடிகளை எலும்பு வெளுக்கும் அளவு இறுக்கிப் பிடித்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் நான் சொல்லிக்கொடுக்கும் அத்தனையும் என் உடம்பில் பதினைந்து ஆண்டுகளாக ஊறியிருந்தும், சுவருக்கு அதில் ஒரு துளி கூட வரவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற பயிற்சியாளர், என் வயதில் பாதி இருப்பார், மேலே பார்த்து 'மூச்சு விடுங்க' என்றார். அந்த இரண்டு சொல்லில் எனக்கு எல்லாம் புரிந்தது. அதுவரை சுவரும் தண்ணீரும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் சொன்ன பிறகு தோன்றியது. அன்று மாலையே இறுக்கம் பாதியாகக் குறைந்தது.

பின்னர் படித்தபோது இதற்கும் ஒரு பழைய சோதனை இருப்பது தெரிந்தது. 1980-ல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இருவர் செய்தது. ஒரு கோட்டையைப் பிடிக்க வந்த தளபதி, படை முழுவதும் ஒரே சாலையில் போனால் கண்ணிவெடியில் சிக்கும் என்பதால் அதைப் பல சிறு பிரிவுகளாக்கிப் பல சாலைகள் வழியே அனுப்பி, கோட்டையடியில் ஒன்றுசேர்த்த கதையை ஆட்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு மருத்துவப் புதிர்: வயிற்றில் கட்டி, கதிரைப் பாய்ச்சி அழிக்க வேண்டும், ஆனால் அந்த வலிமையில் பாய்ச்சினால் வழியில் உள்ள நல்ல சதையும் அழியும், என்ன செய்வது? பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பிக் கட்டியில் சேரச் செய்வதே விடை. தளபதியின் கதையைச் சற்று முன்புதான் படித்திருந்தும், பெரும்பாலோருக்கு அது நினைவுக்கு வரவில்லை. 'அந்தக் கதை இதற்கு உதவும்' என்று ஒரு வார்த்தை சொன்னதும் பெரும்பாலோர் விடையைப் பிடித்தார்கள். பாடம் கையில் இருந்தது. இது அதுதான் என்று சுட்டிக்காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

என்னிடம் கற்றவர்களில் பலர் நீந்தக் கற்றுக்கொண்டு போனார்கள், அதோடு சரி. அதில் குறை எதுவும் இல்லை. சிலரிடம் மட்டும் குளத்துக்கு வெளியேயும் ஏதோ நடந்தது. அவர்கள் எல்லோரிடமும் நான் கண்ட பொதுவான விஷயம், யாரோ ஒருவர் அல்லது அவர்களே அந்தச் சுட்டிக்காட்டும் வேலையைச் செய்திருந்தார்கள். ஐம்பதை நெருங்கிய ஒருவர் நினைவுக்கு வருகிறார். பெரிய பொறுப்பில் இருந்தவர், கீழே நிறையப் பேர். எட்டாவது வாரமோ என்னவோ, வகுப்பு முடிந்து துவட்டிக்கொண்டே சொன்னார்: 'புதுசா வேலைக்கு வர்ற பசங்ககிட்ட நான் எப்பவும், இது ரொம்ப ஈசிதானேன்னு சொல்வேன் சார். நீங்க முதல் நாள் எங்கிட்ட மிதக்கிறது ஈசின்னு சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு இப்ப யோசிச்சா, இனிமே அவங்ககிட்ட அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.' தண்ணீர் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை. தண்ணீரில் பட்டதை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் அவரே பொருத்தினார். அன்றிலிருந்து நானும் மிதப்பது எளிது என்று முதல் நாளில் யாரிடமும் சொல்வதில்லை.

ஆகவே, 'விளையாட்டு பொறுமையைக் கற்பிக்கும், தன்னம்பிக்கையை வளர்க்கும், ஒழுக்கத்தைக் கொடுக்கும்' என்று பட்டியல் போடுபவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. தண்ணீரில் மகா பொறுமைசாலியாக இருந்துவிட்டு, உடை மாற்றும் அறையில் அடுத்தவரிடம் எரிந்து விழுபவர்களை நான் பார்க்கிறேன். தன்னம்பிக்கை விஷயம் கொஞ்சம் வேறு. 'என்னால் முடியாது என்று நினைத்தது முடிந்தது' என்ற நினைவு ஒருவரிடம் தங்கிவிடுவதை நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் அது எவ்வளவு காலம் நிற்கிறது, வேறு காரியங்களில் எவ்வளவு தைரியம் தருகிறது என்பதில் ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, உங்களுக்கு இன்னது கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சுவரிலிருந்து திரும்பி வந்தபின் ஒன்றை மட்டும் உறுதியாக உணர்ந்தேன். திறமை கூட வரவில்லை. ஆனால் 'கற்றுக்கொள்வது எப்படி நடக்கும்' என்ற அறிவு தண்ணீரிலிருந்து என்னோடு சுவருக்கும் வந்தது. முதல் மாதம் முழுக்கச் சுவரில் சொதப்பினேன், ஆனால் கலங்கவில்லை. இரண்டாவது மாதத்தில் சட்டென்று ஒரு முன்னேற்றம் வரும், மூன்றாவதில் பின்னுக்குப் போவது போலத் தோன்றும், அது பின்னடைவு ஆகாது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. தண்ணீரில் நூற்றுக்கணக்கானவர்களிடம் பார்த்திருந்த வரைபடம் அது. பெரியவர்கள் கடைசியாக எதையாவது அடியிலிருந்து கற்று இருபது ஆண்டு ஆகியிருக்கும். அந்த வரைபடம் மறந்திருக்கும். மறந்ததால்தான் ஆறு மாதத்தில் 25 மீட்டர் வராதது ஒரு தீர்ப்பு போலத் தெரிகிறது.

அது ஏன் தீர்ப்பு ஆகாது என்பதற்கு இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும். இது என் வேலைக்கு நேரடியாகப் பயன்பட்டது. 1979-ல் ஷே, மார்கன் என்ற இருவர், கையால் சிறு தடுப்புகளை ஒரு வரிசையில் தட்டிவிடும் மூன்று அசைவுகளை இரண்டு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஓர் அசைவை முழுதாகப் பழகிவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றது மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பழகும் நேரத்தில் முதல் குழுதான் வேகம். கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: தடுமாறிப் பழகியவர்களிடம்தான் அதிகம் தங்கியிருந்தது. பயிற்சியின்போது எப்படிச் செய்கிறோம் என்பதும், உள்ளே எவ்வளவு பதிகிறது என்பதும் வேறு வேறு என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரு மேசைச் சோதனையை அப்படியே குளத்துக்குக் கொண்டுவர முடியாது. மிதக்கவே வராதவரை முதல் வாரத்திலேயே பலவற்றைக் கலந்து செய்யச் சொன்னால் குழம்பிப்போவார், அதைச் செய்து பார்த்து விட்டுவிட்டேன். உங்கள் கட்டத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது கை, கால், மூச்சு மூன்றும் தனித்தனியாக வந்து ஒன்றாகச் சேராமல் இருப்பவர்களுக்கு, கலந்து பழகுவது நன்றாக வேலை செய்கிறது. மோசமான நாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் நாட்களில் எத்தனையோ நல்ல நாட்களாக இருந்திருக்கும்.

அவமானத்தைப் பற்றி எழுதாமல் போனால் உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதியதாகவே ஆகாது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் எரிக் முசாம்பானி என்ற 22 வயது இளைஞர் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இறங்கினார். நாடு எக்குவடோரியல் கினி. நீச்சல் கற்கத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு விடுதியின் சின்னக் குளத்தில் பழகியவர், 50 மீட்டர் குளத்தை சிட்னிக்கு வந்துதான் முதலில் பார்த்தார். அவருடைய சுற்றில் மற்ற இருவரும் முந்திப் பாய்ந்ததால் நீக்கப்பட, அவர் தனியாக நீந்த வேண்டியதாயிற்று. உலகமே பார்க்க, தனியாக. முதல் 50 மீட்டரை ஒருவாறு கடந்தார். திரும்பும்போது கை கால் ஓய்ந்துவிட்டது. கடைசி 15 மீட்டரில் முன்னே நகர்கிறாரா என்றே தெரியவில்லை. நேரம் 1 நிமிடம் 52.72 விநாடி. அந்தப் போட்டியில் தங்கம் வென்றவரின் நேரம் 48.30 விநாடி. அரங்கம் எழுந்து ஆரவாரம் செய்தது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் அவரை நினைப்பது அதற்குப் பிறகு நடந்ததற்காக. அவர் நீச்சலை விடவில்லை. சில ஆண்டுகளில் அதே தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவந்தார். 2012-ல் தன் நாட்டு நீச்சல் அணியின் பயிற்சியாளரானார். சிட்னியின் கடைசி 15 மீட்டரில் அவருக்கு நடந்ததும், உங்களுக்கு 12-வது மீட்டரில் நடப்பதும் உடலளவில் ஒன்றே: வேகமாகத் தொடங்கி, மூச்சு சேராமல், கால் தாழ்ந்து போவது.

வயதைப் பற்றிய உங்கள் வரிக்கும் ஒன்று. ஜப்பானின் மியேகோ நாகாவோகா 80 வயதையொட்டித்தான் முழங்கால் வலிக்காக நீச்சலைக் கையில் எடுத்தார். 2015-ல், 100 வயதில், 1500 மீட்டரை 25 மீட்டர் குளத்தில் நிற்காமல் நீந்தி முடித்தார். ஒரு மணி 15 நிமிடம் 54 விநாடி ஆனது, முழுக்க மல்லாந்த நீச்சல். எல்லோருக்கும் இது வரும் என்பதற்கு இவர் சான்று ஆகமாட்டார், அப்படிப்பட்ட உடல் அபூர்வம். ஆனால் 43-ல் கதவு மூடிவிட்டது என்பவர்களுக்குப் பதிலாக இவர் போதும்.

இனி நீங்கள் எழுதாத கேள்வி. விட்டுவிடலாமா? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு விளையாட்டை விட்டுவிடுவது குற்றமில்லை. சுவர் ஏறுவதை நான் இரண்டு ஆண்டுகளில் விட்டுவிட்டேன், வருத்தமில்லை. ஆனால் நீச்சலில் மட்டும் ஒரு கோடு இருக்கிறது. ஆழத்தில் விழுந்தால் மல்லாந்து மிதந்து, மூச்சைச் சமன்செய்து, மெதுவாக விளிம்புக்கு வந்து சேர முடிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். அந்தக் கோட்டைத் தொடும்வரை விடாதீர்கள். அதைத் தொட்டபின் ஃப்ரீஸ்டைல் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விடுங்கள். வாழ்க்கைப் பாடம் கிடைக்கவில்லையே என்பதற்காக மட்டும் விட வேண்டாம், அது கிடைக்காத விளையாட்டும் விளையாட்டுதான். தண்ணீருக்குள் காது மூடிக்கொள்ளும் அந்த அமைதி, கையை நீட்டி ஒரு நொடி வழுக்கிப் போகும்போது உடலுக்கு எடையே இல்லாதது போன்ற அந்த உணர்வு, இவற்றுக்கு வேறு எந்தப் பயனும் தேவையில்லை என்பேன். பதினெட்டு ஆண்டுக்குப் பிறகும் எனக்கு அது பழகிப்போகவில்லை.

அடுத்த தடவை இறங்கும்போது இப்படிச் செய்து பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் நீந்தவே வேண்டாம். விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தை உள்ளே வைத்துக் குமிழி விடுங்கள். வாயை மட்டும் மேலே திருப்பி இழுங்கள். மறுபடி விடுங்கள். இருபது தடவை. பிறகு சுவரை உதைத்துக் குப்புற வழுக்கிப் போங்கள், கண் குளத்தின் அடித்தரையைப் பார்க்கட்டும், முன்னால் பார்க்க வேண்டாம். அதன்பின் ஃப்ரீஸ்டைலில் எட்டு மீட்டர் மட்டும் போய், மூச்சு நன்றாக இருக்கும்போதே எழுந்து நில்லுங்கள். தவிப்பு வந்த பிறகு நிற்பதற்கும், வருமுன் நீங்களாகவே நிற்பதற்கும் உடல் பதிந்துகொள்வது வேறு. ஆழமான பக்கமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள், கால் எட்டும் இடத்திலேயே செய்யுங்கள், கரையில் பயிற்சியாளர் இருக்கட்டும். எட்டு மீட்டர் சலிப்பாகத் தோன்றும் நாள் வரை ஒன்பதுக்குப் போக வேண்டாம். எட்டு மீட்டரை ஒரு தடவை ஃப்ரீஸ்டைல், ஒரு தடவை மல்லாந்து, ஒரு தடவை காலை மட்டும் உதைத்து என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

இரண்டு வாரம் கழித்து 25 மீட்டரை ஒருமுறை முயன்று பாருங்கள், இயன்ற மட்டும் மெதுவாக. கயிற்றைப் பிடித்துவிட்டால் பரவாயில்லை. பிடிப்பதற்கு முந்தைய மூன்று கை வீச்சில் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருந்தீர்களா, அடக்கிக்கொண்டிருந்தீர்களா என்பதை மட்டும் கவனித்து எனக்கு எழுதுங்கள். அது தெரிந்தால், மேற்கொண்டு மாற்ற வேண்டியது தலையா காலா என்று என்னால் சொல்ல முடியும்.